தடை உள்ள நாட்டு வாசகருக்குச் சென்னையிலிருந்து தளம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து நடத்தும் தமிழ்த் தளத்துக்கு வாசகர்கள் தமிழ்நாட்டோடு நின்றுவிடுவதில்லை. துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்ப்பவர்கள், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள், கோலாலம்பூர்க்காரர்கள், மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் போன பிள்ளைகள் என எல்லோரும் படிக்கிறார்கள். ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: "அண்ணா, சைட் ஓப்பன் ஆக மாட்டேங்குது." அதைப் பார்த்ததும் பலர் புது டொமைன் வாங்க ஓடுவார்கள். ஓட வேண்டாம். தடையில் நாலைந்து வகை உண்டு. ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. இன்னொரு விஷயம்: தவறு செய்வது சென்னையில் இருப்பவர், மாட்டுவது அங்கே இருப்பவர். கீழே வரும் பல முடிவுகள் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த நாட்டில் என்ன வகைத் தடை

சீனாவில் அரசு இணையத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் வடிகட்டிச் சுவர் இரண்டு இடத்தில் கை வைக்கும். டொமைன் பெயருக்கு உரிய சர்வர் எண்ணை (ஐபி முகவரி) கேட்டால் பொய்யான ஒன்றைக் கொடுக்கும். அதைத் தாண்டி இணைப்புப் போனாலும், பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் உரையாடல் தொடங்கும்போது பிரவுசர் தளத்தின் பெயரை வெளிப்படையாகச் சொல்கிறதே, அந்த எஸ்என்ஐ பகுதியைப் படித்து இணைப்பை வெட்டிவிடும். உங்கள் தளம் தடைப்பட்டியலில் இல்லாவிட்டாலும் பக்கம் தொங்கும். கூகுள் கேப்ட்சா, யூடியூப் காணொளி என்று நீங்கள் பக்கத்தில் ஒட்டிவைத்தவை அங்கே திறக்காததுதான் காரணம்.

ரஷ்யாவில் முழுத் தடையோடு வேகக் குறைப்பும் உண்டு. 2021 மார்ச்சில் ட்விட்டரை மெதுவாக்க அதன் சுருக்க முகவரியான 'டி டாட் கோ' என்ற எழுத்துத் தொடரைத் தேடும்படி வடிகட்டிகளை அமைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் பெயரின் கடைசி எழுத்து 'டி', அடுத்து புள்ளி, அடுத்து 'காம்'. ரெடிட்டும் அப்படியே. சம்பந்தமே இல்லாத அந்தத் தளங்களும் சேர்ந்து நொண்டின. தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் நின்று பக்கங்களைக் கொண்டுசேர்க்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூனில் சொன்னது இன்னும் வினோதம்: தங்கள் வழியாக வரும் தளங்களில் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 16 கிலோபைட் மட்டுமே ரஷ்ய வாசகருக்குப் போய்ச் சேர்கிறது. தலைப்பு தெரியும், கட்டுரை வராது. வாசகர் தடை என்று நினைக்கவே மாட்டார், 'உங்க சைட் சரியில்லை' என்பார்.

வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் 'இந்தத் தளம் அனுமதிக்கப்படவில்லை' என்ற பக்கமே வந்து நிற்கும். மலேசியாவில் பெரும்பாலும் டிஎன்எஸ் அளவில், அதாவது டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் இடத்தில், தடுப்பார்கள். 2016 ஜனவரியில் 'சரவாக் ரிப்போர்ட்' என்ற செய்தித் தளத்தின் கட்டுரைகள் வந்ததற்காக, யாரும் எழுதக்கூடிய பொதுமேடையான மீடியம் தளமே அங்கே முடங்கியது. அடுத்தவர் மேடையில் எழுதினால் உங்களால் அடுத்தவருக்கும், அடுத்தவரால் உங்களுக்கும் அடி விழும். இலங்கையில் தமிழ்நெட் செய்தித் தளம் 2007 ஜூனில் தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று நெருக்கடி வந்தபோதெல்லாம் முதலில் விழுந்தவை சமூக ஊடகங்கள். ஃபேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பி வாசகரைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்த ஒரு இரவில் வாசகரே இல்லை.

நம் ஊரையும் மறக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் தடை உத்தரவுகள் ரகசியமாகவே இருக்கும். ஒரு நிறுவனத்தின் இணைப்பில் தளம் திறக்கும், இன்னொன்றில் திறக்காது.

படி 1: நோயைக் கண்டுபிடிப்பது

செய்தி அனுப்பியவரிடம் நாலு கேள்வி போதும். திரையில் வந்த ஆங்கில வரி என்ன? மொபைல் டேட்டாவா, வைஃபையா, எந்த நிறுவனம்? மற்ற தளங்கள் திறக்கின்றனவா? எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? பெயர், ஊர், விசா விவரம் எதுவும் கேட்காதீர்கள். பதிலைக் குறித்துக்கொண்டதும் அந்த உரையாடலை இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள்.

அந்த ஆங்கில வரியில்தான் பாதி விடை. 'நேம் நாட் ரிசால்வ்டு' என்றால் டிஎன்எஸ் கோளாறு. பக்கம் சுற்றக்கூட இல்லாமல் உடனே 'கனெக்‌ஷன் ரீசெட்' வந்தால் எஸ்என்ஐ வடிகட்டி என்று சந்தேகிக்கலாம். நீண்ட நேரம் சுற்றிச் சுற்றி 'டைம்டு அவுட்' வந்தால் ஐபி முகவரியை அடைத்திருக்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், தடைப்பக்கத்தைக் காட்ட யாரோ நடுவில் புகுந்திருக்கலாம். 'எப்படியாவது உள்ளே போங்க' என்று அந்த எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லவே கூடாது. பக்கம் பாதியில் நின்றால் வேகக் குறைப்பாக இருக்கலாம்.

அரசாங்கத்தைத் திட்டும் முன் சொந்த வீட்டைப் பாருங்கள். தாக்குதல் வந்த ஒரு நாளில் யாரோ செக்யூரிட்டி பிளகினில் 'சீனா, ரஷ்யா: பிளாக்' என்று டிக் அடித்துவிட்டு மறந்திருப்பார்கள். இது மிகச் சாதாரணம். சர்வர் மாற்றியபோது பழைய ஐபிவி6 முகவரியை டிஎன்எஸ்ஸில் விட்டிருந்தால் மொபைலில் மட்டும் தளம் தடுமாறும். கிளவுட்ஃபிளேர் வைத்திருந்தால் ஃபயர்வால் விதிகளில் 'டி1' என்ற நாட்டுக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். வாசகரின் அடையாளத்தை மறைத்து இணைக்கும் டார் வலை வழியாக வருபவர்களை அது அப்படித்தான் குறிக்கும். தடையைத் தாண்டி வரும் வாசகரை நீங்களே வாசலில் நிறுத்தி வைத்திருப்பீர்கள்.

அடுத்தது வெளிச் சோதனை. இணையத் தடைகளை அளந்து பதியும் ஊனி (OONI) அமைப்பின் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் உங்கள் டொமைனையும் நாட்டையும் போட்டுத் தேடுங்கள். யாராவது ஏற்கெனவே சோதித்திருந்தால் எந்த நிறுவனத்தில் எந்த வகைத் தடை என்று வரும். அங்குள்ள வாசகரை ஊனி செயலியை ஓட்டச் சொல்வது கடைசி வழி. முடிவுகள் பொதுவெளியில் பதிவாகும், சில நாடுகளில் அதுவே வம்பு. வீட்டில் இணையத்தை அளக்கும் ரைப் அட்லஸ் (RIPE Atlas) கருவி ஒன்றை மாட்டி வைத்திருந்தால் அதில் சேரும் புள்ளிகளைச் செலவழித்து, உலகெங்கும் உள்ள மற்றக் கருவிகளிலிருந்து டிஎன்எஸ், சான்றிதழ் சோதனைகளை நீங்களே ஓட்டலாம்.

சீனாவுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்தச் சுவர் வெளியே போகும் கேள்வியைப் போலவே உள்ளே வரும் கேள்விக்கும் பொய்ப் பதில் தரும். டிஎன்எஸ் சர்வரே இல்லாத ஒரு சீன ஐபி முகவரிக்கு, டிஎன்எஸ் கேள்வி கேட்கும் 'டிக்' (dig) கட்டளையால் கேள்வி அனுப்புங்கள். முதலில் அங்கே தடுக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த டொமைன், அடுத்து தடை இல்லாத ஒன்று, மூன்றாவதாக உங்களுடையது. முதலாவதுக்குப் பதில் வரும், இரண்டாவதுக்கு வராது. உங்களுடையதுக்குப் பதில் வந்தால் பதில் சொன்னது சுவர்தான்.

படி 2: பக்கத்தை மெலியவைப்பது

வெளியாட்களைத் துரத்துவதுதான் முதல் வேலை. எழுத்துரு, ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், வாசகர் எண்ணிக்கைக் கருவி, கருத்துப் பெட்டி எல்லாம் உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும், அல்லது வேண்டாம். தமிழ் எழுத்துருவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் என்று எல்லாக் கருவியிலும் நல்ல எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகுக்காகக் கூட்டும் கிலோபைட்டுகள், வேகத்தைக் குறைத்த இணைப்பில் இருக்கும் வாசகர் தலையில்தான் விழும்.

தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆயிரம் சொல் கட்டுரை சுருக்காமல் போனால் எழுத்து மட்டுமே 16 கிலோபைட்டைத் தாண்டும். சர்வரில் ஜிஜிப் அல்லது பிராட்லி சுருக்கத்தை இயக்குங்கள். கட்டுரை நீளமாக இருந்தால் இரண்டு மூன்று பக்கமாக வெட்டி, சுருக்கிய பின் ஒவ்வொன்றும் 14 கிலோபைட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இணைப்பு முகவரியில் தமிழ் வேண்டாம். 'வணக்கம்' என்ற சொல்லையே எடுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளையும் சேர்த்துக் கணினிக்கு 7 குறியீடு, 21 பைட். முகவரியாக நகல் எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும், ஆக 63. ஆறு சொல் தலைப்பு என்றால் முந்நூறைத் தாண்டும். எஸ்எம்எஸ்ஸில் துண்டுகளாக உடையும், போனில் படித்துச் சொல்லவும் முடியாது. தேதியும் எண்ணுமாக, 2025/06/14 என்பது போல, வையுங்கள். அந்த முகவரியைப் பார்க்கும் மூன்றாம் ஆளுக்குக் கட்டுரையின் பொருளும் தெரியாது.

இனித் தடையைச் சென்னையில் உட்கார்ந்தபடியே நடித்துப் பாருங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் முகவரிப் பட்டியல்) வெளியார் டொமைன்களையெல்லாம் 192.0.2.1 என்ற முகவரிக்குத் திருப்புங்கள். பலர் 127.0.0.1 போடுவார்கள். அது தவறான சோதனை. சொந்தக் கணினி உடனே 'இல்லை' என்று சொல்லிவிடும், பக்கம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். நிஜத் தடையில் பதிலே வராது. 192.0.2.1 எடுத்துக்காட்டுகளுக்காக ஒதுக்கப்பட்ட முகவரி, அந்தப் பக்கம் யாரும் இல்லை, பிரவுசர் காத்துக்கொண்டே கிடக்கும். தளம் எங்கே தொங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

படி 3: டொமைன்

நாலு டொமைன் வைத்துக்கொள்வது நல்லது: ஒன்று முதன்மை, ஒன்று வெளிப்படையான மிரர் (தளத்தின் நகல்), இரண்டு கையிருப்பு. எல்லாம் ஒரே பதிவாளரிடம் வேண்டாம். எல்லாவற்றிலும் தளத்தின் பெயர் இருக்கவும் வேண்டாம். பெயரை வைத்து வடிகட்டினால் நாலும் ஒன்றாகப் போகும். எந்த நாட்டு அரசுக்கு உங்கள் எழுத்து பிடிக்காதோ அந்த நாட்டு டொமைனில் தளத்தை வைக்காதீர்கள். தடுப்பது வேறு, பறிப்பது வேறு. புதிதாக வாங்கிய டாட் காம் டொமைனை 60 நாள் வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதால் கையிருப்பை முன்கூட்டியே வாங்குங்கள். டிடிஎல் (டிஎன்எஸ் பதில் நினைவில் இருக்கும் காலம்) 300 நொடி, பதிவாளர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு, பரிமாற்றப் பூட்டு இவை மூன்றும் முதல் நாளே.

படி 4: மிரர்

மிரர் போட்டும் திறக்காததற்கு அதிகம் காணும் காரணம் ஒன்றுதான்: மிரர் பக்கத்துக்குள் படம், ஸ்டைல், இணைப்பு எல்லாம் தடுக்கப்பட்ட முதன்மை முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் முழு முகவரியையும் டேட்டாபேஸுக்குள் எழுதி வைப்பதால் இது தானாகவே நடக்கும்.

எங்கள் பரிந்துரை நிலையான பக்கங்கள், அதாவது டேட்டாபேஸ் இல்லாமல் கோப்பாகவே இருப்பவை. அப்படிப் பக்கம் கட்டும் ஹ்யூகோ கருவியைப் பயன்படுத்துபவர்கள் 'ரிலேட்டிவ் யூஆர்எல்ஸ்' அமைப்பை இயக்கினால் போதும். வேர்ட்பிரஸ்காரர்கள் சிம்ப்ளி ஸ்டாட்டிக் பிளகினில் சார்பு முகவரியைத் தேர்ந்து ஏற்றுமதி செய்யலாம். கிடைக்கும் கோப்புறையை 1 ஜிபி ரேம் உள்ள எந்தச் சின்ன சர்வரிலும் போடலாம். உடைக்க அங்கே டேட்டாபேஸ் இல்லை, திருட வாசகர் கணக்கும் இல்லை. உள்நுழைவும் கருத்துப் பெட்டியும் மிரரில் வேண்டாம்.

நேரடி நகலே வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை நடுவில் நிறுத்தி, அதன் 'சப் ஃபில்டர்' மூலம் பழைய முகவரியைப் புதியதாக மாற்றிக்கொண்டே அனுப்பலாம். இதில் மூன்று பொறி. மூல சர்வர் ஜிஜிப் செய்து அனுப்பினால் எதுவும் மாறாது, அதனால் மேலே அனுப்பும் 'அக்செப்ட் என்கோடிங்' தலைப்பைக் காலியாக்க வேண்டும். இயல்பில் அது ஒவ்வொரு சொல்லையும் முதல் இடத்தில் மட்டும் மாற்றும், 'ஒன்ஸ்' என்பதை ஆஃப் செய்ய வேண்டும். இயல்பில் எச்டிஎம்எல்லை மட்டும் தொடும், ஸ்டைல் கோப்பு வகைகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். முடித்ததும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் முதன்மை டொமைனை 192.0.2.1-க்குத் திருப்பிவிட்டு மிரரைத் திறங்கள். ஒரு படம்கூட விடுபடாமல் வந்தால் தேறிவிட்டது.

சான்றிதழில் ஒரு கசிவு உண்டு. எந்த டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கினாலும் அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் தேடலாம். 'மிரர்3' என்ற துணை டொமைனை ரகசியமாக வைத்திருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது வாங்கிய அன்றே வெளியே. நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கினால் மூலப் பெயர் மட்டுமே தெரியும். லெட்ஸ் என்கிரிப்ட் இதை இலவசமாகத் தருகிறது, ஆனால் டிஎன்எஸ் பதிவு மூலம் மட்டுமே சரிபார்க்கும். புதுப்பிப்பைத் தானியங்கியாக வையுங்கள்.

எங்கே வைப்பது? இலங்கை, மலேசிய வாசகருக்குச் சிங்கப்பூர் நல்லது, சென்னையிலிருந்து நேரடிக் கடலடி கேபிள்களும் இருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் போலப் பல தளங்களை ஒன்றாகப் பரிமாறும் பெரிய சிடிஎன்னுக்குப் பின்னால் ஒளிந்தால் தடுப்பவருக்கு மற்ற ஆயிரம் தளங்களையும் சேர்த்து அடைக்க வேண்டிய சங்கடம் வரும். ஆனால் அந்தச் சங்கடத்தைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு: 2018 ஏப்ரலில் டெலிகிராமைப் பிடிக்கிறேன் என்று ரஷ்யா அமேசான், கூகுள் முகவரிகளை லட்சக்கணக்கில் அடைத்தது. ரஷ்ய வாசகருக்கென்று சிடிஎன் இல்லாத, தனி ஐபி உள்ள ஒரு மிரர் இருக்கட்டும். சீனப் பெருநிலத்துக்குள்ளேயே சர்வர் வைக்க ஐசிபி என்ற அரசுப் பதிவு வேண்டும். சென்னைத் தளம் ஒன்றுக்கு அது நடக்கிற காரியமில்லை.

எல்லா மிரரிலும், மூலப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'கனானிக்கல்' குறி முதன்மைத் தளத்தையே காட்டட்டும், இல்லாவிட்டால் தேடுபொறி உங்களையே நகலாகக் கருதும்.

படி 5: ஆனியன் முகவரி

டார் வலைக்குள் மட்டும் திறக்கும் முகவரி இது. அரை மணி நேர வேலை. டார் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி: சாவி இருக்கும் கோப்புறை, எந்த போர்ட்டுக்கு அனுப்புவது. மறுதொடக்கம் செய்தால் 56 எழுத்து முகவரி தானாகப் பிறக்கும். சாவிக் கோப்பை நகலெடுத்துச் சர்வருக்கு வெளியே வையுங்கள், தொலைந்தால் அந்த முகவரி திரும்ப வராது. முதன்மைத் தளத்தில் 'ஆனியன் லொகேஷன்' தலைப்பைச் சேர்த்தால் டார் பிரவுசரில் வருபவருக்கு வழி தானாகத் தெரியும். கூட்டம் வராது. ஆனால் வருபவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

படி 6: தளத்துக்கு வெளியே வாசகரைப் பிடித்து வைப்பது

மிரர் முகவரியை வாசகருக்கு எப்படிச் சொல்வீர்கள்? தடை வந்த பிறகு தளத்தில் போட்டுப் பயனில்லை. முன்பே வழி இருக்க வேண்டும். மின்னஞ்சல் பட்டியல்தான் முதுகெலும்பு. அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமையுங்கள். யார் திறந்தார், எதைச் சொடுக்கினார் என்று பார்க்கும் கண்காணிப்பை அணையுங்கள். அது வாசகரைக் காட்டிக்கொடுக்கும் பட்டியல், தவிர அந்தக் கண்காணிப்பு டொமைனே தடைபட்டால் எல்லா இணைப்பும் செத்துவிடும். முழுக் கட்டுரையையும் மின்னஞ்சலிலேயே கொடுங்கள். ஆர்எஸ்எஸ் ஓடையிலும் அப்படியே.

வாட்ஸ்அப்பில் குழு வேண்டாம், சேனல் வையுங்கள். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ரியாத்தில் இருப்பவர் எண் முன்பின் தெரியாத முந்நூறு பேருக்குப் போக வேண்டிய அவசியமில்லை. முக்கியமான கட்டுரைகளை 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக்கி விட்டால் கைமாறிக் கைமாறிப் போகும். அனுப்பும் முன் கோப்பின் 'ஆதர்' விவரத்தையும் படங்களில் ஒட்டியிருக்கும் இடக் குறிப்பையும் நீக்குங்கள்.

'விபிஎன் போட்டுப் படிங்க' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அல்லது குற்றத்தை மறைத்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் சிறையும் வரலாம். எதைக் குற்றம் என்பது அங்கே உள்ளவர்கள் கையில். வழிகளைச் சொல்லுங்கள், அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பக்கத்திலேயே சொல்லுங்கள், முடிவை வாசகரிடம் விடுங்கள்.

படி 7: லாக் (சர்வர் பதிவேடு)

இந்தியாவில் இருப்பவருக்கு இங்கே ஒரு முடிச்சு. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவு, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. வாசகர் பாதுகாப்போ எதையும் வைக்காதே என்கிறது. உங்கள் அமைப்புக்கு உத்தரவு எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். தொழில்நுட்ப அளவில் செய்யக்கூடியது, சட்டம் கேட்காததைச் சேர்க்காமல் இருப்பது. எண்ணிக்கைக் கருவியாக மட்டோமோவைச் சொந்த சர்வரில் வைத்து ஐபியின் கடைசி 2 பைட்டை மறையுங்கள். 'எந்த நாடு, எத்தனை பேர்' தெரிந்தால் போதும். தடுப்பு இருக்கும் நாட்டிலிருந்து வருபவரைப் பெயர் பதியச் சொல்லும் எந்தப் படிவமும் வேண்டாம்.

தடை விழுந்த நாளில்

முதல் ஒரு மணி நேரம் படி 1 மட்டும். டிஎன்எஸ் தடை என்றால் மிரர் அறிவிப்பே போதும். ஐபி தடை என்றால் சர்வரின் ஐபியை மாற்றி டிஎன்எஸ்ஸைத் திருத்துங்கள், 300 நொடியில் பரவிவிடும், டொமைனை மாற்றத் தேவையில்லை. எஸ்என்ஐ தடைக்கு ஐபி மாற்றிப் பயனில்லை, வேறு டொமைன்தான். வேகக் குறைப்பு என்றால் சிடிஎன் இல்லாத மிரர். பிறகு மின்னஞ்சல், சேனல், ஆர்எஸ்எஸ் மூன்றிலும் ஒரே வாசகத்தில் புது முகவரியை அனுப்புங்கள். கையிருப்பில் ஒன்றை மட்டும் அவிழுங்கள், மற்றது பெட்டியிலேயே இருக்கட்டும். போலி மிரர் போட்டு வாசகரின் பாஸ்வேர்டைப் பறிப்பவர்கள் இந்த நேரத்தில்தான் வருவார்கள். 'எங்கள் மிரர் எதுவும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காது' என்ற வரி எல்லா அறிவிப்பிலும் வரட்டும்.

தடை நீங்கிய பிறகும் அந்த மிரர் டொமைனைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான வாட்ஸ்அப் செய்திகளில் அந்த முகவரி கிடக்கும். நீங்கள் விட்ட மறுநாள் அதை வேறு யாராவது வாங்கி, உங்கள் பெயரில் பழைய வாசகருக்காகக் காத்திருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை வரும் சின்னச் செலவுதான். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டு, அந்தக் கார்டு காலாவதியாகும் மாதத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.